ஆற்று மணலில் ஒரு மத்ஹபுப் பாடம்



நம் இல்லங்கள் பெரும்பாலானவற்றில் நடுக்கூடத்துச் சுவரில் ஒரு பிறைக் காலண்டர் தொங்கும். தொழுகை நேரம் பார்க்கவும், நோன்பு நாள் அறியவும், பெரியவர்களின் நினைவு நாளைக் குறித்து வைக்கவும் அது பயன்படுகிறது. எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. ஆறு எந்த நாளில், எந்த நேரத்தில் வற்றும் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்கிறோம். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "உஸ்தாத், பிறைக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வியந்தார். அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாகவே உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். அந்த விடையில் ஆறு மட்டுமல்ல, ஒரு குடும்பமும் இருக்கிறது. இன்று நம் ஜமாஅத்துகளில் பலரையும் பிரித்து வைக்கும் ஒரு பிரச்சினையும் இருக்கிறது.

நான் வசிப்பது புதுச்சேரி மாநிலம் வில்லியனூர் கொம்யூனில். காலையிலும் மாலையிலும் சிறுவர் சிறுமியருக்கு மக்தபில் ஓதிக் கொடுப்பது என் பணி. கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் என்பதால், ஊர்ப் பெயர்களும் ஆற்றுப் பெயர்களும் எங்கிருந்து வந்தன என்று துருவிப் பார்க்கும் பழக்கம் இன்றும் விடவில்லை. எங்கள் வில்லியனூரைத் தழுவிச் செல்லும் ஆறு சங்கராபரணி. செஞ்சிப் பக்கமிருந்து வருவதால் செஞ்சியாறு என்றும் அதற்குப் பெயருண்டு. அது கிழக்கே சென்று இரண்டாகப் பிரிகிறது. வடகிளை அரியாங்குப்பம் ஆறு, தென்கிளை சுண்ணாம்பாறு. இரண்டும் கடலில் கலக்கின்றன. தெற்கே பாகூர் கொம்யூனுக்குத் தென்பெண்ணையும் மலட்டாறும் உள்ளன. இந்த ஆறுகள் கடலோடு கலக்கும் இடங்களில் உப்பு நீரும் நன்னீரும் சேர்ந்த கழிமுகங்களில்தான் மட்டி என்னும் சிப்பி இனம் மணலுக்குள் புதைந்து வாழ்கிறது.

'மட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலர் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. எங்கள் ஊரிலும் மட்டி என்றால் அறிவு மந்தமானவன் என்றுதான் பொருள். திருமணமான புதிதில் என் துணைவியார், "இந்த ஊரில் மட்டி கிடைக்குமா?" என்று கூடத்தில் கேட்க, என் தம்பி, "ஏன் மதினி, வீட்டில் இருப்பவர்கள் போதாதா?" என்றான். என் தாயார் உட்பட வீடே சிரித்தது. துணைவியார் பரங்கிப்பேட்டைக்காரர். வெள்ளாற்றுக் கழிமுகத்தின் கரையில் வளர்ந்தவர். அங்கே மட்டி என்பது சோற்றுக்குக் கறி.

பிறையும் வற்றமும்

கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது என்பது கரையோர மக்கள் அனைவரும் அறிந்ததே. நிலவின் ஈர்ப்பே இதற்கு முதற் காரணம்; கதிரவனின் ஈர்ப்பு அதற்குத் துணை. நிலவு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது அல்லவா? ஏற்றமும் வற்றமும் அதே கணக்கில் நாள்தோறும் தள்ளிப் போகின்றன. பிறை பிறக்கும் நாட்களிலும், மாத நடுவில் முழு நிலவு நாட்களிலும் கதிரவனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் மிக உயரும். வற்றம் மிகத் தாழும். ஏழு எட்டாம் பிறை நாட்களிலும், 22, 23ஆம் நாட்களிலும் நீர் அதிகம் ஏறாது, அதிகம் வற்றவும் செய்யாது.

எங்கள் சோழமண்டலக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதன்று. குஜராத்தின் பாவ்நகர்ப் பக்கம் கடல் பத்து மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் என்கிறார்கள். இங்கே பெரிய வற்றத்திலும் ஒரு மீட்டர் அளவுக்குள்தான். ஆயினும் சரிவு குறைந்த மணல் திட்டில் அந்த ஒரு மீட்டர் போதும். ஒரு மைதானமே வெளியே வந்துவிடும். முழு நிலவு நாட்களில் காலை எட்டு, ஒன்பது மணி அளவில் கடல் ஏறி, பிற்பகல் இரண்டு, மூன்று மணி அளவில் வற்றுகிறது. ஆற்றுக்குள் அது வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். ஆக, காலை மக்தபும் லுஹர் தொழுகையும் முடிந்து, மாலை வகுப்புத் தொடங்கும் முன் கிடைக்கும் இடைவேளையும் ஆறு வற்றும் வேளையும் மாதத்தில் இருமுறை ஒன்றாகிவிடுகின்றன. 'அய்யாமுல் பீள்' எனப்படும் 13, 14, 15ஆம் நாட்களின் சுன்னத்தான நோன்பு முடிந்த மறுநாள் எங்கள் காலண்டரில் ஒரு சிறு வட்டம் போட்டிருக்கும். அது துணைவியார் போட்டது.

மணலுக்குள் ஒரு வாழ்வு

வட்டமிட்ட நாளில் ஸ்கூட்டரில் ஒரு வாளி, ஒரு வலைப்பை, துருப்பிடித்த ஒரு கரண்டி, தண்ணீர்ப் புட்டி, தொழுகை விரிப்பு ஆகியவற்றுடன் புறப்படுவோம். நோணாங்குப்பம் பாலத்தைக் கடந்து, படகுத் துறையின் இரைச்சல் கேட்காத ஒரு திட்டுக்குப் போய்ச் சேருவோம்.

வந்து நின்றவுடன் தோண்டத் தொடங்குவதில்லை. முதலில் மணலைப் படிக்க வேண்டும். மட்டிக்கு இரு ஓடுகள். அவற்றுக்கிடையே மெல்லிய சதை. அது தன் தசைக் காலை மணலுக்குள் நீட்டி ஊன்றித் தன்னைக் கீழே இழுத்துக்கொள்ளும். மேற்பக்கமாக இரு சிறு குழல்களை நீட்டி, ஒன்றால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணிய பாசியை வடித்து உண்டு, மற்றொன்றால் நீரை வெளியே விடும். நீர் வற்றியதும் குழல்களைச் சுருக்கிக்கொள்ளும். அவ்விடத்தில் மணலின் மேல் ஊசி குத்தியது போல இரு சிறு துளைகள் தெரியும். அருகில் கால் வைத்து அழுத்தினால் சிலசமயம் சிறு நீர்த் தாரை பீறிடும். அங்கே நான்கு விரற்கடை ஆழத்தில் கை விட்டால், வழவழப்பான, கனமான ஒன்று தட்டுப்படும்.

நான் கரண்டியால் தோண்டுகிறவன். துணைவியார் கால் விரல்களால் தேடுகிறவர். கணுக்கால் நீரில் நின்று, குதிகாலைத் திருகித் திருகி மணலைக் கிளறுவார். தட்டுப்பட்டதும் குனிந்து எடுப்பார். பத்து நிமிடத்தில் அவர் எடுப்பதை நான் எடுக்க அரை மணி நேரமாகும். எடுத்ததையெல்லாம் வாளியில் போடவும் மாட்டார். கட்டை விரலின் மேற்கணுவைவிடச் சிறியதாக இருந்தால் திரும்ப மணலில் வைத்துவிடுவார். "இது இன்னும் பிள்ளை" என்பார். அவருடைய பாட்டியார் கற்றுத் தந்த அளவுகோல் அது.

எங்களுக்குச் சற்றுத் தொலைவில், இதையே பிழைப்பாகக் கொண்ட பெண்கள் சிலர் இடுப்பளவு நீரில் அமர்ந்தபடி நகர்ந்து நகர்ந்து அள்ளுவார்கள். அவர்கள் பக்கத்தில் ஓர் அலுமினியக் குண்டான் மிதக்கும். சதையைப் படிக் கணக்கில் விற்பார்கள். ஓடு சுண்ணாம்புக் காளவாய்க்கும் கோழித் தீவனத்துக்கும் போகும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புதான் முற்காலத்தில் நம் பள்ளிவாசல்களின் சுவர்களுக்கும், ரமளானுக்கு முன் அடிக்கும் வெள்ளைக்கும், பாட்டிமார் மடித்த வெற்றிலைக்கும் உதவியது. சுண்ணாம்பாறு என்ற பெயரிலேயே அந்தச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிழைப்புக்கு அள்ளுபவர்கள் இருக்கும் திட்டுக்கு நாங்கள் போவதில்லை. நமக்கு அது விருப்பம். அவர்களுக்கு அது அன்றைய அரிசி.

உண்பவர் ஒருவர், உண்ணாதவர் ஒருவர்

இனிதான் செய்திக்கு வருகிறேன். இப்படிப் பாடுபட்டுத் தோண்டிய மட்டியை நான் உண்பதில்லை. என் துணைவியார் உண்கிறார். நான் ஹனஃபி, அவர் ஷாஃபியீ.

கற்றவர்களுக்கு இது தெரிந்ததுதான் எனினும், இளம் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம் 96ஆம் வசனம் கடல் வேட்டையையும் கடலின் உணவையும் நமக்கு அனுமதிக்கிறது. கடற் பயணத்தில் குடிநீர் குறைவாக இருப்பதால் கடல் நீரில் ஒளுச் செய்யலாமா என்று ஒரு தோழர் வினவியபோது, அந்த நீர் தூய்மை செய்ய வல்லது என்பதோடு, அதில் இறந்தவையும் ஆகுமானவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய செய்தி அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. நீரிலேயே வாழும் உயிரினங்கள் பொதுவாக ஹலால் என்பது இவற்றிலிருந்து ஷாஃபியீ அறிஞர்கள் எடுத்த முடிவு. தவளை, முதலை போன்றவற்றை மட்டும் விலக்கினர். ஹனஃபி அறிஞர்களோ, இறந்த நிலையில் நமக்கு ஆகுமாக்கப்பட்டவை மீனும் வெட்டுக்கிளியுமே என்று வரும் மற்றோர் அறிவிப்பை இதனுடன் இணைத்து, கடலின் உயிரினங்களில் மீன் மட்டுமே உணவு என்றனர். இறால் மீனா, இல்லையா என்பதில் ஹனஃபி அறிஞர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. மட்டியில் அந்த ஐயமும் இல்லை, அது மீனன்று.

இன்னொரு சுவையான செய்தி. சிப்பியைப் பற்றி ஷாஃபியீ அறிஞர்கள் அனைவரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். எகிப்தில் 'துனைலிஸ்' என்றொரு சிறு சிப்பி உண்டு. அதை உண்ணலாம் என்று இப்னு அத்லான் (ரஹ்) அவர்களும் அவர்கள் காலத்து அறிஞர்களும் தீர்ப்பளித்தார்கள். கூடாது என்ற தீர்ப்பு இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் பெயரால் அறிவிக்கப்படுகிறது. பின்னாளில் இமாம் ரம்லீ (ரஹ்) அவர்கள் ஆகுமானது என்ற பக்கத்தை உறுதி செய்தார்கள். ஒரு மத்ஹபுக்குள், ஒரே நகரத்தில், விரல் நுனியளவுச் சிப்பிக்காக அத்துணை நூல்களைப் புரட்டியிருக்கிறார்கள். அதற்காக எவரும் எவரையும் பள்ளிவாசலை விட்டு வெளியேறச் சொன்னதாக நான் படித்ததில்லை.

நம் தமிழகத்தில் கடலோர மரைக்காயர் ஊர்கள் பலவும் ஷாஃபியீயாகவும், உள்நாட்டு ஊர்கள் பலவும் ஹனஃபியாகவும் இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அரபுக் கரையிலிருந்து கடல் வழியே வந்த வணிகரும் மார்க்க அறிஞரும் ஷாஃபியீ நெறியைக் கொண்டு வந்தனர். வடக்கே டில்லி, தக்காணம் வழியாக வந்தது ஹனஃபி நெறி. அதனால்தான் மலபாரில் கல்லுமேல்காய் விருந்துக்குரிய பண்டமாயிற்று. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சிப்பிக் கறி அன்றாட உணவாயிற்று. ஒரே தமிழைப் பேசும் நம்மிலும் ஒரு வீட்டில் 'வாப்பா', ஒரு வீட்டில் 'அத்தா' என்று அழைக்கிறார்கள். அழைப்பது தந்தையைத்தானே!

கரையில் ஒரு தொழுகை

ஆற்றங்கரையில் இந்த வேறுபாடு உணவோடு நிற்பதில்லை. ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவை எட்டியதும் ஷாஃபியீகளுக்கு அஸர் நேரம் தொடங்குகிறது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கருத்துப்படி நிழல் இருமடங்காக வேண்டும். இரண்டுக்கும் இடையே எங்கள் ஊரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறையவோ கூடவோ இடைவெளி விழும். ஆகவே, ஒரே மணல் திட்டில் நிற்கும் இருவரில் அவருக்கு அஸர் வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை.

அவர் கரண்டியை மணலில் குத்தி வைத்துவிட்டு, அந்த உப்பு நீரிலேயே ஒளுச் செய்வார். கடல் நீரின் தூய்மையில் இரு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், ஒளுச் செய்தபின் நான் வாளியை அவர் கையில் கொடுக்க மாட்டேன். திரையின்றிக் கணவனின் கை பட்டால் ஷாஃபியீ மத்ஹபின்படி ஒளு முறிந்துவிடும். என் மத்ஹபில் முறியாது. எனவே வாளியை மணலில் வைத்துவிட்டுச் சற்று விலகி நிற்பேன்; அவர் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார். சவுக்குத் தோப்பு நிழலில் அவர் விரிப்பை விரித்துத் தொழுது முடிக்கும் வரை நான் நீர் ஏறுகிறதா என்று பார்த்து நிற்பேன். என் அஸர் திரும்பும் வழியில் ஏதேனும் ஒரு பள்ளியில் ஜமாஅத்துடன் நிறைவேறும். அப்போது ஸ்கூட்டரில் வாளிக்குக் காவல் அவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது. பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு இது ஒருவர் தொழுகையை மற்றவர் காப்பது.

வில்லியனூர் மண்சட்டி

எங்கள் திருமணப் பேச்சின்போது உறவினர் ஒருவர், "மத்ஹபு வேறு, பழக்கம் வேறு, நாளைக்கு அடுப்பு இரண்டாகும்" என்று எச்சரித்தார். அந்த அச்சம் காரணமற்றதன்று. சில ஊர்களில் விரலசைப்பதா, குனூத் ஓதுவதா என்பதற்காகச் சம்பந்திகள் பேச்சை நிறுத்தியதையும், ஒரே தெருவில் இரு ஜமாஅத் ஆனதையும் நாம் கண்டிருக்கிறோம். உணவென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால், எங்கள் வீட்டில் நடந்தது வேறு. திருமணமாகி வந்த முதல் ஆண்டு முழுவதும் என் துணைவியார் மட்டியைப் பற்றி மீண்டும் வாய் திறக்கவில்லை. கூடத்துச் சிரிப்போடு அதை விட்டுவிட்டார். அதைக் கவனித்தவர் என் தாயார். வாழ்நாளில் நண்டு, சிப்பி எதையும் தொட்டறியாதவர் அவர். ஒருநாள் கடைத்தெருவுக்குப் போனவர், மூடியுடன் கூடிய ஒரு மண்சட்டியும் அகப்பையும் வாங்கி வந்தார். எங்கள் வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். அந்தச் சட்டியில் வேலைப்பாடு ஏதுமில்லை; சாதாரணக் கறிச் சட்டிதான். அதை மருமகளிடம் கொடுத்து, "இது உனக்குத் தனி. உன் இமாம் உண்ணச் சொன்னதை நீ உண்ணு. என் சட்டியில் மட்டும் போடாதே" என்றார். அடுப்பு இரண்டாகவில்லை; சட்டிதான் ஒன்று கூடியது.

அன்று முதல் மட்டி வந்த இரவில் எங்கள் சுப்ரா விரிப்பில் இரு கறிகள் இருக்கும். மட்டியை முன்னதாகவே ஆற்று நீரில் சில மணி நேரம் ஊற விடுவார். அது உள்ளிருக்கும் மணலைக் கக்கிவிடும். பிறகு நன்கு அலசி, வேக வைத்து, வாய் திறந்தவற்றின் சதையை எடுத்துச் சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய்ப்பூ சேர்த்துப் பிரட்டுவார். மணம் தெரு முனை வரை போகும். எனக்கும் தாயாருக்கும் மீனோ பருப்போ இருக்கும். தாயார் மறைந்து ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவர்களின் மண்ணறையை விசாலமாக்குவானாக! சட்டி இன்னும் அடுக்களையில் இருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விரிப்பிலேயே இதற்கு முன்மாதிரி இருப்பதை நான் மக்தபில் சொல்வதுண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில், பொரித்த உடும்பு போன்றதொரு பாலைப் பிராணியின் இறைச்சி வைக்கப்பட்டது. நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் வினவ, இல்லை, தம் ஊரில் இது கிடையாது, மனம் கொள்ளவில்லை என்று விளக்கினார்கள். காலித் அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள்; நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. அப்பிராணியைப் பற்றியும் இரு மத்ஹபுகளும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பது வேறு செய்தி. ஒரே விரிப்பில் ஒருவர் உண்ண, ஒருவர் உண்ணாதிருக்கலாம். அங்கே முகம் சுளிக்க இடமில்லை என்பதே நாம் பெற வேண்டிய பாடம்.

மகளின் கேள்வி

எங்கள் மூத்த மகளுக்குப் பதினாறு வயதானபோது, ஒரு மட்டி இரவில் அவள் கேட்டாள்: "அத்தா, ஒரே குர்ஆன், ஒரே நபி. உம்மாவுக்கு ஹலாலானது எனக்கு மட்டும் ஏன் இல்லை? நான் உம்மாவின் பிள்ளையும்தானே?"

வாசகர்களே, உஸ்தாதாக இருப்பவனுக்கு மக்தபில் வரும் கேள்வியைவிடச் சுப்ராவில் வரும் கேள்வி கடினமானது. விரிப்பின் மறுபக்கத்தில் துணைவியார் தலை குனிந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். என் பதில் அவரையும் தொடும். கூடாது என்று அதட்டினால், இத்தனை ஆண்டுகள் அவர் உண்டது ஏதோ சலுகையால் என்றாகிவிடும். உண்ணு என்று சொல்லிவிட்டால், நான் ஓதிக் கொடுக்கும் கித்தாபுக்கு என்ன மதிப்பு?

நான் சொன்னது இதுதான்: "நான்கு இமாம்களும் நேர்வழியில் நின்றவர்கள். யாரைப் பின்பற்றினாலும் நீ அவர்களின் பிள்ளை. உனக்கு விவரம் வந்துவிட்டது. உம்மாவின் மத்ஹபை விரும்பினால் எடுத்துக்கொள். நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதை முழுமையாகப் படித்து எடுத்துக்கொள். தொழுகை, ஒளு, நோன்பு அனைத்திலும் அவர்கள் வழியில் நில். நாக்கு மத்ஹபைத் தேர்ந்தெடுக்கக் கூடாது."

துணைவியார் அப்போதுதான் நிமிர்ந்தார். "அவர் சொல்வது சரி. மட்டிக்காக என் பக்கம் வராதே. வந்தால் ஃபஜ்ரில் குனூத்தும் ஓத வேண்டும், தம்பியைப் போல் தூங்கி விழக் கூடாது" என்றார். வீடு சிரித்தது. மகள் இன்று இரு மத்ஹபுகளின் தொடக்க நூல்களையும் தாயிடமும் தந்தையிடமுமாக ஓதி வருகிறாள். இன்னும் முடிவு சொல்லவில்லை. நாங்களும் கேட்பதில்லை. ஆனால் வட்டமிட்ட நாளில் வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் கிளம்புகிறவள் அவள்தான்.

வெறும் ஓடுகள்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் நகரில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. சங்கராபரணி கரை புரண்டது. சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் பெருகி வர, பாகூர்ப் பகுதியின் வயல்களும் குடியிருப்புகளும் மூழ்கின. மனிதர் பட்ட பாட்டின் முன் மட்டியைப் பற்றிப் பேசுவது சிறிதெனத் தோன்றலாம். எனினும் அதுவும் ஒரு படைப்பே.

மட்டிக்கு உப்பு வேண்டும். வெள்ளம் வந்து நீர் இனித்தால், ஓடுகளை இறுக மூடிக்கொண்டு சில நாள் பொறுத்திருக்கும். வெள்ளம் நீடித்தால் அதற்கு மேல் அதனால் இயலாது. அந்தப் பருவம் ஓய்ந்து நாங்கள் திட்டுக்குச் சென்றபோது, தோண்டிய இடமெல்லாம் வெறும் ஓடுகள். இரு பாதியும் பிரியாமல் வாய் பிளந்து கிடந்தன. துணைவியார் கால் விரல்களால் வெகுநேரம் துழாவினார். பிறகு நிமிர்ந்து, "இந்த ஆண்டு தோண்ட வேண்டாம்" என்றார். ஏற்றத்தோடு புதுக் குஞ்சுகள் மிதந்து வந்து மணலில் இறங்கும். அவை கைக்கு வர ஓராண்டாவது ஆகும். அந்த ஓராண்டும் காலண்டரில் வட்டமில்லை. இதையே நம்பியிருக்கும் பெண்களுக்கு அப்படிக் காத்திருக்க இயலுமா? அவர்கள் அந்த மாதங்களில் வேறு கூலி வேலைக்குப் போனார்கள். வெள்ளத்தால் வந்த இழப்பை எழுதுகிற கணக்கில் வலையும் படகும் வரும். குண்டானும் கையும் மட்டுமே கருவியாகக் கொண்டவர்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை.

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள அஷ்டமுடிக் காயலில் மட்டி அள்ளுவோர் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். சிப்பிகள் இனம் பெருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவதில்லை. குஞ்சுகள் சிக்காதபடி வலைக்கண்ணின் அளவையும் முறைப்படுத்தினார்கள். இதன் பயனாக 2014 நவம்பரில் மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் உலக அமைப்பின் சான்று கிடைத்தது. இந்தியாவில் ஒரு மீன்வளத்துக்கு அச்சான்று கிடைத்தது அதுவே முதன்முறை. ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயமாக்காதே என்று பயிற்றுவிக்கப்பட்ட சமுதாயம் நாம். "இது இன்னும் பிள்ளை" என்று திரும்ப வைக்கும் பாட்டியாரின் அளவுகோலும் அந்தப் பயிற்சியின் ஒரு கிளையே.

இல்லத்தரசிகளுக்குச் சில குறிப்புகள்

உண்பது ஆகுமான மத்ஹபைச் சேர்ந்த சகோதரிகளுக்கு, என் துணைவியார் சொல்லச் சொன்னவை இவை. சாக்கடை நீர் கலக்கும் இடத்திலும், முதல் மழை அடித்துச் சென்ற வாரத்திலும் எடுத்த மட்டியை வாங்காதீர்கள். நீரை வடித்து உண்ணும் உயிர் என்பதால், நீரில் உள்ள கிருமியும் நஞ்சும் அதனுள் சேர்ந்திருக்கும். சமைக்கும் முன் வாய் திறந்து கிடந்து, தட்டினாலும் மூடாதவற்றை எறிந்துவிடுங்கள். வெந்த பிறகும் வாய் திறக்காதவற்றையும் எறிந்துவிடுங்கள். அரை வேக்காட்டில் இறக்காதீர்கள். சிப்பி உணவு ஒவ்வாமல் தடிப்போ மூச்சுத் திணறலோ ஏற்பட்டவர்கள் மீண்டும் அதைத் தொட வேண்டாம்.

என் பங்குக்கு நான் சொல்வது ஒன்றே. உங்கள் இல்லத்துக்கு வேறு மத்ஹபைச் சேர்ந்த மருமகளோ மருமகனோ வந்தால், அவர்களின் காலண்டரில் எது வட்டமிடப்பட்டிருந்தது என்று முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். தேவையானால் ஒரு மண்சட்டி வாங்குங்கள். அதன் விலை அதிகமில்லை.

கருத்து வேறுபாட்டிலும் கண்ணியம் காக்கும் குடும்பங்களாக நம் குடும்பங்களை அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.